பன்னெண்டு ரொட்டி

பையை மடியில வச்சுக்குங்க மேடம். இந்தப் பாதாமிக் குரங்குக்கு பிஸ்கட்டும் ஒண்ணுதான், உங்க சுத்தியலும் ஒண்ணுதான். தூக்கிட்டுப் போயிரும்.

நேத்து உங்க பாறை வகுப்புல நான் தூங்கலீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். வேணும்னா ஒப்பிக்கிறேன் பாருங்க. இந்தப் பாறை பூரா ஒரு காலத்துல ஆத்து மணலு. கோடிக்கணக்கான வருசமா ஒண்ணுமேல ஒண்ணு அமுங்கிக் கல்லாச்சு. அந்தா வரிவரியாத் தெரியுதே, அது தண்ணி ஓடுன தடம். சரிதானே? இப்போ ஒரு குடம் தண்ணிக்கு என் பொண்டாட்டி மூணு வீட்டோட சண்டை போடுறா. ஆறு இருந்தப்பவே கல்யாணம் பண்ணியிருக்கணும்.

பதினாலு வருசமா வெளியூர்க்காரங்களைக் கயிறு கட்டி இந்தக் கல்லுல ஏத்திவிடுறேன். எனக்கே பாடமான்னு ஒரு திமிரு. அதான் கடைசி பெஞ்சு.

எதுங்க, பாறையில அந்த வெளிறுன தழும்பா? நாங்க ஏறுற ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பேரு வைப்போம். இதுக்குப் பேரு பன்னெண்டு ரொட்டி. அங்க கைப்பிடி மாதிரி ஒரு கல்லு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எத்தனையோ பேரு தொங்குன கல்லு. போன மழைக்காலத்துல யமனப்பா, என் கூட்டாளி, ஆளு கொஞ்சம் கனம், அவன் பிடிச்சதும் கையோட வந்துருச்சு. விழுந்து கணுக்கால் போச்சு. பன்னெண்டு சோள ரொட்டி தின்னுட்டு ஏறுனா கல்லு என்ன பண்ணும்னு ஊரே சிரிச்சுது. பேரு வச்சது நான்தான். வழிகாட்டிப் புத்தகத்துலகூட போட்டுட்டாங்க.

காலு சேந்துருச்சுங்க. ஆனா அவன் அப்புறம் கல்லுப் பக்கமே வரல. தன் உடம்புதான் உடைச்சுதுன்னு நம்பிட்டான். ரெண்டு ரொட்டியோட எந்திரிச்சிடுறான்னு அவன் சம்சாரம் எங்கிட்ட வந்து அழுதுச்சு. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

நேத்து ஒண்ணு சொன்னீங்களே, மழை பெஞ்சா இந்தக் கல்லு உள்ளுக்குள்ள தண்ணி குடிச்சுக்கும், மேல காஞ்சாலும் உள்ள காய ரெண்டு மூணு நாளாகும், அதுவரைக்கும் பலமே இருக்காதுன்னு. அதை இன்னைக்கு இன்னொரு தடவை சொல்லுங்க. யமனப்பாவை வரச் சொல்லியிருக்கேன். முன் பெஞ்சுல உக்காத்தி வைக்கிறேன். நீங்க முடிச்சதும் நான் எந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசணும். குரங்கே உள்ள வந்தாலும் வகுப்பைக் கலைச்சிறாதீங்க, எனக்கு மறுபடி தைரியம் வராது.

என்ன பேசப்போறேனா? பெருசா ஒண்ணுமில்லீங்க. யமனப்பா விழுந்ததுக்கு முந்தின நாள் நல்ல மழை. வேணாம்டான்னுதான் அவன் சொன்னான். நான்தான் கல்லைத் தடவிப் பாத்துட்டு, காஞ்சிருச்சு, ஏறுடான்னேன்.