முப்பதாவது அடி

இருந்தவர்கள்: சாயப்பட்டறை முதலாளி உமாபதி, ரேடியோ கடை தர்மன், கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் வேலையாள் வீரபாகு. இடம்: செவிலிமேட்டில் கிணற்றை ஒட்டிய மோட்டார் அறை. 1972 சித்திரை, மதியம்.

வீரபாகு: மைக்கைத் துளைக்குள்ள பத்தடி தள்ளியாச்சிப்பா.

தர்மன்: மெதுவா... மைக்கு கல்லுல ஒரசுது.

உமாபதி: தண்ணி சத்தம் எதனா கேக்குதா?

தர்மன்: நீங்க பேசறதுதான் கேக்குது.

உமாபதி: காலேஜைப் பாதியில உட்டவனுக்கு வாய் மட்டும் முழுசா இருக்குது. கெணத்துச் சுவத்துல போட்ட இந்தப் படுக்கைத் துளை முப்பதடி தாண்டினா பக்கத்து அப்பாதுரை நெலம். அவன் கெணறு வத்தினது என்னாலதான்னு மனு குடுத்துட்டான். நாளைக்கு தாசில்தார் வராரு.

தர்மன்: ஊத்து எந்த அடியில இருக்குதுன்னு தெரியணும், அவ்ளோதானே?

உமாபதி: முப்பதுக்குள்ள இருந்தா, மீதியைக் கட்டையால அடைச்சிக் காட்டிடுவேன். தாண்டி இருந்தா... அடைக்க மாட்டேன். துளை வாயைக் கல்லு வெச்சி மறைச்சிடுவேன். பட்டறை ஓடணும்.

தர்மன்: அப்பாதுரை தெருவே அவர் கெணத்துலதானே குடிக்குது?

உமாபதி: உனக்கெதுக்கு அது? வேலையைப் பாரு.

வீரபாகு: இருபது... இருபத்தஞ்சு.

தர்மன்: நிறுத்து... இங்கதான். நல்லா கொட்டுது.

உமாபதி: நெசமாவா?

தர்மன்: மிச்சத்தையும் பாத்துடலாம். தள்ளு.

வீரபாகு: நாப்பது... நாப்பத்தாறு.

உமாபதி: ஏன், மூஞ்சி மாறுது?

தர்மன்: இங்க ஒண்ணுமில்ல.

உமாபதி: குடு அந்த ஹெட்போனை. நானும் கேக்கறேன்.

தர்மன்: இருங்க, திருகு சரி பண்றேன்... ம், கேளுங்க.

உமாபதி: ...ஆமா. சத்தமே இல்ல. வீரபாகு, மைக்கை இழுத்துட்டு, முப்பதுல கட்டையைத் தள்ளி அடி.

வீரபாகு: அடிச்சாச்சு, மொதலாளி.

உமாபதி: தண்ணி வருதா?

வீரபாகு: துளை வாய்ல சொட்டு கூட இல்ல.

உமாபதி: என்னடா இது?

தர்மன்: இருபத்தஞ்சுல ஊத்து இல்ல. நாப்பத்தாறுலதான் இருக்குது. சத்தத்தைக் கொறைச்சிட்டுத்தான் உங்க காதுல குடுத்தேன்.

உமாபதி: வீரபாகு, கட்டையைப் புடுங்கு. சீக்கிரம்.

வீரபாகு: நான் மேல ஏறிட்டேன், மொதலாளி. தர்மா, நீ வெளிய வா.

உமாபதி: டேய்... கதவை எதுக்குச் சாத்தறே? பூட்டாதே. வீரபாகு...

வீரபாகு: கட்டை ஊறி உப்பட்டும். அப்புறம் அதை எவனாலயும் புடுங்க முடியாது. சாயந்திரம் வந்து தொறக்கறேன். எம் பொண்ணு வாக்கப்பட்டதே அப்பாதுரை தெருவுலதான், மொதலாளி. தர்மன்கிட்ட நேத்தே பேசிட்டேன்.