இருபத்தைந்து மீன்கொத்திகள்

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்தக் காசை ஓரத்தைப் பிடித்து எடுங்கள். தட்டையான பக்கத்தில் விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும், பிறகு எத்தனை வருஷமானாலும் போகாது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன், எழுதித் தருகிறேன். நீங்கள் அதை மேசைமேல் வைத்துவிட்டால் எனக்குக் கை ஓடும்.

என் பெயர் தேசப்பன். வயது ஐம்பத்து நான்கு. திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். எனக்கு இருந்த ஒரே ஆசை காசு சேர்ப்பது. செலவழிக்கிற காசு இல்லை. ஆஸ்திரேலியாவில் வருஷாவருஷம் அடிக்கிற சுத்த வெள்ளிக் காசு. அதில் குக்கபரா என்கிற மீன்கொத்திப் பறவை வருஷத்துக்கு ஒரு விதமாக உட்கார்ந்திருக்கும். 2001இல் எனக்கும் சந்திராவுக்கும் கல்யாணம். அந்த வருஷத்துக் காசில் தொடங்கி 2025 வரை, ஒரு வருஷம் விடாமல் இருபத்தைந்து. ஒவ்வொன்றும் தனித்தனி வட்ட டப்பிக்குள், காற்றுப் படாமல், அடித்த அன்று இருந்த மாதிரியே இருக்கும். வெளியே எடுப்பதானால் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வேன்.

சந்திரா பொதட்டூர்பேட்டைப் பெண், தறிக்காரர் வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் காசுப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், “இன்னாங்க, புள்ளைங்களுக்குப் பால் குடுத்தாச்சா?” என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. படி ஏறக் கூடாது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யக் கூடாது, வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான்தான். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வரலட்சுமி நோன்பன்று நான் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கையைப் பிடித்துப் பூஜை அலமாரிக்கு இழுத்துப் போனாள்.

“உங்க புள்ளைங்கள இன்னிக்கு நான்தாங்க குளிப்பாட்டினேன். ஒண்ணு ரெண்டுல வெள்ளையா தேமல் மாதிரி பூத்துகினு இருந்துச்சி. புளி போட்டுத் தேச்சி, விபூதியால தொடச்சேன். எப்டி பளபளன்னு கீது பாருங்க.”

வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் துடைத்துப் பழகிய கை. இருபத்து நான்கு காசுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கலசத்தைச் சுற்றி அடுக்கியிருந்தாள். நான் கண்ணாடிக் கடைக்காரன், லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பறவையின் மேலும் கீறல், கீறலுக்கு மேல் கீறல். ஒரே ஒரு காசை மட்டும் டப்பியோடு தனியாக வைத்திருந்தாள்.

“இது நம்ம வருஷம். இத நீங்களே உங்க கையால தொடைங்க” என்றாள்.

நான் கத்தவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். பாயசம் குடித்தேன். வெள்ளி அதே எடைதானே, என்ன கெட்டுப் போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் தங்கை வசந்தியும் அப்படித்தான் கேட்டாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். நான் யாரையும் அப்படிச் சொல்கிறவன் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் சந்திராவிடம் பேச்செடுத்தேன். டிசம்பர் முப்பத்தொன்று இங்கே படித் திருவிழா என்பது உங்களுக்குத் தெரியும். முன்னூற்று அறுபத்தைந்து படி. படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டி ஏறும், பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றுவார்கள்.

“உன் ஒடம்பு தேறணும்னு முருகனுக்கு வேண்டிக்கினேன். அத்தினி படிக்கும் நீயே உன் கையால மஞ்சள் வெப்பேன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

வேண்டிக்கொண்டது நான், செய்ய வேண்டியவள் அவள். நம் வீடுகளில் இது வழக்கம்தான். சாமிக்குச் சொன்னதை மாற்றக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

“டாக்டரு படியே ஏறக் கூடாதுன்னாரே பாவா?” என்று என்னைக் கேட்டாள், அன்று வீட்டுக்கு வந்திருந்த வசந்தி.

“சாமி காரியம்டி. அவரு எனக்கோசரம் வேண்டிகினு கீறாரு. முருகன் பாத்துப்பான்” என்றாள் சந்திரா. கண் கலங்கியிருந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் அவளுக்காக நான் எதையும் வேண்டிக்கொண்டதாக அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

திருவிழா அன்று காலை வெறும் வயிற்றோடு வந்தாள். அவளுடைய மாத்திரைகளை, அவள் கெடுத்த காசு ஒன்றின் காலி டப்பியில் போட்டு என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தண்ணீர் படாது, தூசு போகாது. நூறு படிவரை சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். நூற்றைம்பதில் மூச்சு வாங்கியது.

“செத்த குந்திக்கட்டுமாங்க?”

“சாமிக்குச் சொன்னது. பாதியில குந்தக் கூடாது” என்றேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது படியில் மஞ்சள் கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மாத்திரை கேட்டாள். வசந்தி கோஷ்டியோடு முன்னால் போய்விட்டிருந்தாள்.

டப்பியை எடுத்தேன். கையுறையையும் எடுத்து, விரல் விரலாகப் போட்டுக்கொண்டேன். டப்பியின் விளிம்பில் கட்டைவிரலைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் உடைந்துவிடும். மேலே கோஷ்டி ஒரு படிக்கான பாட்டை முடித்து, அடுத்த படிக்கான பாட்டைத் தொடங்கியது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை எட்டிப் பிடித்தாள், கையுறையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, உங்களிடம் அதை மறைக்கவில்லை. டப்பி திறந்தபோது அவளுக்கு மாத்திரை தேவைப்படவில்லை.

மஞ்சள் குங்குமத்தோடு முருகன் படியில் போயிருக்கிறாள், புண்ணியவதி என்று ஊரே சொன்னது. எத்தனை பெண்களுக்கு இப்படி வாய்க்கும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பஜனைக் கோஷ்டி பாலமுருகன் போனில் எடுத்த வீடியோவில், ஓரத்தில் நானும் இருக்கிறேன். வசந்தி அதைப் பார்த்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்தாள். மாத்திரை எடுக்கக் கையுறை எதற்கு என்று கேட்டீர்கள். பழக்கம் என்றேன். நீங்கள் நம்பவில்லை. நியாயம்தான்.

அந்த டப்பியைத் திறக்க எனக்கு மூன்று நொடி போதும். கண்ணை மூடிக்கொண்டும் திறப்பேன். வேண்டுதலே பொய், முருகனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆகவே அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

அவளை வெறுத்தேன் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். நீங்கள் இன்னும் கையில் வைத்திருப்பது 2001ஆம் வருஷத்துக் காசு. அதை அவள் தொடாமல் விட்டாள், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அந்த இருபத்து நான்கைத் தவிர, சந்திராமேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.