மருமகனின் தபாலில் எனக்கிருந்த சீவிய உரித்து

இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயை என் மருமகன் இஷாம் போடுவதுபோல இந்த வாவிக்கரையில் இன்னொருவர் போட முடியாது. காத்தான்குடி முழுவதையும் வரிசையில் நிறுத்திப் போட்டி வைத்தாலும் அவர்தான் வெல்வார். ஓட்டமாவடியிலிருந்து ஆள் கூட்டி வந்தாலும் தோற்றுத்தான் திரும்ப வேண்டும். கொஞ்ச நாட்களாக அந்தப் பிளேன்டீ எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

நான் ஒரு நொத்தாரிசிடம் நாற்பது வருஷம் காணி, வீட்டுப் பத்திரங்களான உறுதிகளை எழுதியவன். எழுதிய காகிதங்களை விரித்தால் வாவியை மூடி, மிச்சத்தில் கல்லடிப் பாலத்துக்கும் ஒரு போர்வை போடலாம். அவற்றில் பாதிக்கு மேல் வாப்பாமார் மகள்மாருக்கு வீடு எழுதிக் கொடுத்தவை. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மருமகன் வந்து குடியிருப்பார். ஆனால் எழுதும்போது ஒரு வரி சேர்ப்போம்: கொடுப்பவருக்குச் சீவிய உரித்து உண்டு. வீடு மகள் பேரில் இருக்கும். வாப்பா மவுத்தாகும்வரை அவரை அங்கிருந்து யாரும் எழுப்ப முடியாது. என் மகள் ஸில்மியாவுக்கு நான் எழுதிய உறுதியிலும் அந்த வரி இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு கணினி பழகினேன். ஆறே மாதத்தில் ஊரிலுள்ள எல்லாக் கணினிகளும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கும் நிலைமை.

இஷாம் கட்டடங்களுக்கு அளவும் செலவும் மதிப்பிடும் படிப்புப் படித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் கட்டாரில் வேலை கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் அசர் தொழுகை நேரம், மின்னஞ்சலில் வந்த கடிதமொன்றை அச்செடுக்க என் அறைக்கு வந்தார். என் கணினியில் தபால்களைத் தரம் பிரிக்கும் செயலி ஒன்று உண்டு. அதில் தன் கணக்கைச் சேர்த்தார். கடவுச்சொல்லை அவரே அடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றுவரை எனக்கு அது தெரியாது. எதில் கைவைத்தும் சத்தியம் செய்வேன்.

பிறகு திரை கேட்டது: இந்தச் செயலி உங்கள் தபாலை வாசிக்கலாமா, உங்கள் பேரில் அனுப்பலாமா, அழிக்கலாமா, நீங்கள் இல்லாதபோதும் இவற்றைச் செய்யலாமா. நாலுக்கும் தனித்தனிப் பெட்டி.

“என்ன மாமா, இது உறுதிய விட நீளமா இரிக்கி?”

“உறுதின்டா வாசிச்சுத்தான் ஒப்பம் வெக்கணும், மனே.”

“நாப்பது வருஷம் வாசிச்ச ஆள் நீங்க. நீங்களே பாத்து அமத்துங்க. எனக்கு ஜமாஅத் போயிரும்.”

பள்ளிவாசலுக்கு ஓடிவிட்டார். அச்செடுக்க, வாசிக்கும் அனுமதி ஒன்றே போதும். நான் நாலு பெட்டியிலும் சரி போட்டேன்.

அன்றிலிருந்து அந்தச் செயலியிடம் இஷாமின் தபாலுக்குள் கடவுச்சொல் கேட்காமல் விடும் டோக்கன் ஒன்று, ஒரு நுழைவுச்சீட்டுப் போல, இருக்கிறது. அது ஒரு மணித்தியாலத்தில் காலாவதியாகும். உடனே இன்னொரு டோக்கன், யாரையும் கேட்காமல், அதைப் புதுப்பித்துவிடும். இஷாம் தன் கணக்குக்குள் போய் ‘அனுமதியை நீக்கு’ என்று ஒருதரம் அமத்தினால் எல்லாம் முடிந்தது. அவர் போகவில்லை. யார்தான் போகிறார்கள். சீவிய உரித்து எழுதிய எனக்கு இது விளங்க ஐந்து நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

முதலில் வாசிக்க மட்டுமே செய்தேன். மூன்றாம் வாரம் தோஹாவிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மனைவியையும் பிள்ளையையும் கூட்டி வரலாமாம். என் மனைவி றம்லா மவுத்தாகி அப்போது நாலு மாதம். சீவிய உரித்து எனக்கு வீட்டைத் தரும்; வீட்டுக்குள் பேச்சுச் சத்தத்தைத் தராது. இஷாம் பார்க்க முன்னர் அந்த அழைப்பை அழித்தேன். பிறகு செயலிக்கே ஒரு விதி எழுதி வைத்தேன்: கட்டாரிலிருந்து வருவதை வந்த கணமே ஒதுக்கி எனக்குக் காட்டு. இஷாமின் போன் சிணுங்கக்கூட நேரமிருக்காது.

மொத்தம் ஒன்பது கடிதங்கள். எட்டை அழித்தேன். ஒரு கம்பனி விடாமல் கேட்டதால், இஷாமின் பேரில் மரியாதையாகப் பதில் அனுப்பினேன்: குடும்பக் காரணங்களால் வர இயலாது. அது பொய்யல்ல. நானும் குடும்பம்தான்.

“இல்லன்டு கூட ஒருத்தனும் பதில் போடுறானில்ல, மாமா. என்ட படிப்புல பிழையா, மூஞ்சில பிழையா?” என்று ஒருநாள் கேட்டார்.

“மூஞ்சில பிழையிருந்தா ஸில்மியா முதல்லயே சொல்லியிருப்பாள், மனே.”

சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் காணவில்லை. இப்போது ஒரு புடவைக்கடையில் துணி மடிக்கிறார். சான்றிதழ்களைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். கூடப் படித்தவர்கள் விடுமுறையில் வந்தால் பின் கதவால் போய்விடுகிறார்.

போன மாதம் ஸில்மியா வந்து நின்றாள். “வாப்பா, இவர் தொழுதா எழும்புறாரில்ல. முசல்லாவிலேயே இருந்து அழுறார். உங்கட சொல்லத்தான் கேப்பார். நீங்க ஒருக்கா பேசுங்க.”

பேசினேன். “அல்லாஹ் நாடினாத்தானே, மனே,” என்றேன். அவர் என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெட்டிகளில் சரி போட்ட கை. அன்றிலிருந்துதான் பிளேன்டீ இறங்குவதில்லை.

ஆகவே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். இதை எழுதும்போதே பாதிப் பாரம் குறைந்துவிட்டது. அந்த அனுமதியையும் அவர் கையாலேயே நீக்க வைப்பேன். எங்கே அமத்த வேண்டும் என்று நானே காட்டுவேன்.

இன்று செவ்வாய். காலையில் தோஹாவிலிருந்து பத்தாவது கடிதம் வந்து என்னிடம் இருக்கிறது. நேர்முகம் வியாழக்கிழமையாம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இஷாமை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவேன்.