இமூஸரில் நிற்கிற பஸ்

ஏன் போலீஸ் ஐயா, உங்க ஊர்ல கைக்கொழந்தைய அடுத்தவங்க கைல குடுக்கவே மாட்டாங்களா? கடற்கரைப் பக்கம்னு சொன்னீங்களே, அங்கல்லாம் அவங்கவங்க புள்ளைய அவங்கவங்களே கட்டிக்கிட்டு ஏறுவாங்களோ என்னவோ. இங்க மலைல அப்படி இல்லைய்யா. சந்தை வண்டி வந்து நின்னா முதல்ல கொழந்தை ஏறும், அப்புறம் மூட்டை, அப்புறம் கோழி, கடைசிலதான் பொம்பளை. உள்ள எவ மடி காலியா இருக்கோ அவ மடில புள்ளைய வெச்சிட்டு, நாம போய் மூட்டைய மேல ஏத்திக் கட்டிட்டு நிதானமா வருவோம். யாரு என்னன்னு கேக்குறதில்ல. ஊரான் புள்ளைங்க எத்தனை பேரு என் மடில மூத்திரம் போயிருக்காங்கன்னு எனக்கே தெரியாது.

அதத்தான் இன்னைக்கும் செஞ்சேன். அந்த மாணவருங்க பஸ்ல, முன்சீட்டுப் பொண்ணு கைல என் திலிலாவக் குடுத்தேன். மூட்டைய எடுத்துட்டுப் பின்வாசல்ல ஏறிக்கறேன்னு சொன்னேன். நான் பின்னால ஏறிட்டேன்னு அவ நெனச்சிருப்பா. வண்டி கெளம்பிருச்சு. என் பொண்ணு உள்ள, நான் வெளிய. பதினோரு மாசம்தான் ஆகுது அவளுக்கு.

சரிங்க, உக்காந்துக்கறேன். நின்னா ஒண்ணும் இல்ல, ரொட்டிக்கல்லு முன்னால நின்னே பழகின காலு இது.

பஸ்ஸ ஃபெஸ் போற வழில இமூஸர்ல நிறுத்திட்டாங்கன்னு சொன்னீங்களே, அது அங்க போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயா, ரோட்டுலயா? வாசல்லதானே. நெழல் இருக்குமா? இல்ல, கேட்டேன். புள்ளை அழுறாளான்னு அவங்க ஏதும் சொன்னாங்களா? நீங்க கேக்கலையா. பரவால்லய்யா, நீங்க நல்லபடியாத்தான் பேசினீங்க. அழுதா அவளுக்கு உதடு நீலமாப் போகும், அதுக்குத்தான். நகமும் போகும். மத்தப் புள்ளைங்க அழுதா செவக்கும் இல்ல, இவ நீலமாப் போவா. எங்க சந்தைல கம்பளிக்குச் சாயம் போடுறவன் ஒருத்தன் இருக்கான், அவன் சொல்வான், இந்த நெறம் எனக்கு வர மாட்டேங்குது, உன் பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்லுன்னு. கேலிதான். கேலி பண்ணிட்டு அப்புறம் அவளுக்கு ஒரு அத்திப்பழம் குடுப்பான்.

நெஞ்சுல ஒரு ஓட்டையாம்யா. ஊர்ல சின்ன ஆஸ்பத்திரில இருக்குற டாக்டரம்மா காதுல குழாய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டாங்க. ரொம்ப நேரம் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இங்க ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க.

அத விடுங்க. நீங்க பஸ்ஸப் பத்தித்தானே கேட்டீங்க.

காலைல ஒம்போதரைக்குக் கடைக்கு வந்தாங்க. நான் ஹம்மூ டீக்கடைல மஸ்மன் ரொட்டி சுடுறேன். செவ்வாய்க்கெழம சந்தை நாளு, மாவ இழுத்து மடிச்சு கல்லுல போடவே கை போதாது. அதுல இவங்க நாப்பது பேரு எறங்கினாங்க. அகாதிர்ல இருந்து வர்றாங்களாம். மராகேஷ்ல ரெண்டு நாளு சுத்திட்டு, மலை ஏறி, ராத்திரி இங்க தங்கிட்டு, இன்னைக்கு மத்தியானம் ஃபெஸ்ல சாப்பாடு, தோல் ஊறப்போடுற தெருவெல்லாம் பாக்கணும்னாங்க. பாருங்க, நான் ஃபெஸ்ஸுக்கு மூணு தடவை போயிருக்கேன், ஆஸ்பத்திரி வராந்தாவத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல.

நல்ல புள்ளைங்கய்யா. ஒரே சிரிப்பு. ஒருத்தன் மராகேஷ் சந்தைல மஞ்சத் தோல் செருப்பு பேரம் பேசி வாங்கியிருக்கான், ரூமுக்கு வந்து பாத்தா ரெண்டும் இடது காலு. அதையே போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான். வலது கால எங்கடா வெச்சேன்னு வழி முழுக்க அவனக் கேட்டே கொன்னிருக்காங்க. இன்னொருத்தி தன்னைவிட ஒசரமா ஒரு பித்தளை வெளக்கு வாங்கிட்டு, அதுக்கும் ஒரு சீட்டு வேணும்னு டிரைவர்கிட்டச் சண்டை. கூட வந்த வாத்தியார், புஷைப்னு பேரு, ஒரு கைல டீ, ஒரு கைல தலைய எண்ணுறாரு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள மூணு பேரு தேன் வாங்க ஓடிருவாங்க, திரும்ப முதல்ல இருந்து எண்ணுவாரு.

அந்த முன்சீட்டுப் பொண்ணு பேரு கிஸ்லான். மெலிஞ்ச பொண்ணு, கண்ணாடி போட்டிருப்பா. வந்ததுல இருந்து திலிலாவத் தூக்கிக்கிட்டே இருந்தா. நான் மாவு இழுக்குறேன், அவ கல்லுப் பக்கத்துலயே நின்னு விரலப் பிடிச்சு வெளையாடுறா. நகத்த ஒரு தடவை பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. என்னக்கா இதுன்னு கேட்டா, குளிருன்னு சொல்லிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேனா? தெரியலைய்யா. சொல்லிட்டேன்.

மூட்டையா? எந்த மூட்டை... ஆமா, எடுக்கப் போன மூட்டை. அது கடைல இருக்கு. கம்பளிதான், வேறென்ன இருக்கப் போகுது.

மணி என்னங்கய்யா? பன்னெண்டே முக்கால். பஸ் கெளம்பினது பதினொண்ணுக்கு. நான் இங்க வந்தது பன்னெண்டு தாண்டி. ஆமா, கடைல இருந்து இந்த ஸ்டேஷன் இருநூறு எட்டுகூட இருக்காது. நீங்க ரெண்டாவது தடவையாக் கேக்குறீங்க. முதல் தடவையே காதுல விழுந்துச்சு.

ஏன் இவ்வளவு நேரமா? கல்லுக்கடில தீ எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அது நெசந்தான். தீய அணைச்சேன். ஹம்மூ ஸ்கூட்டர் குடுப்பாரான்னு தேடினேன், அவரு ஆட்டுச் சந்தைப் பக்கம் போயிருந்தாரு. வழிலயே தெரிஞ்சு அவங்களே திரும்பி வந்துருவாங்கன்னு நெனச்சேன். இதுல எத வேணும்னாலும் எடுத்துக்கங்க ஐயா.

நீங்க நம்பலை. மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. எங்க வீட்டுக்காரரு மோஹாவுக்கும் இதே மூஞ்சிதான், நான் ஏதாச்சும் மறைச்சா ஒரு புருவத்த மட்டும் தூக்குவாரு. அவரு தெக்க தக்காளிப் பந்தல்ல வேலை. அவருக்கு இன்னும் சொல்லலை. என்னன்னு சொல்றது?

ஃபெஸ்ல ஒண்ணு நடந்துச்சு, அதச் சொல்றேன், கேளுங்க. இங்க வந்ததுல இருந்து வாய மூடாமப் பேசிக்கிட்டே இருக்கேன், அது மட்டும் வரலை.

மூணாவது தடவை போனப்போ. விடியக்காலைல முதல் வண்டில போய் வராந்தால உக்காந்தேன். ஜன்னல்ல உக்காந்திருந்த அம்மா சீட்ட வாங்கிப் பாத்துட்டு, இன்னும் எட்டு மாசம் கழிச்சு வான்னு தேதி எழுதினாங்க. எட்டு மாசம் தாங்குமான்னு கேட்டேன். தங்கச்சி, நான் தேதி எழுதுறவ, டாக்டர் இல்லன்னாங்க. கோவமா இல்லய்யா, பாவமாத்தான் சொன்னாங்க. அவங்களுக்குப் பின்னால அலமாரி முழுக்க இதே மாதிரி சீட்டு.

அங்கேயே உக்காந்து திலிலாவுக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தேன். அப்போ ரெண்டு போலீஸ்காரங்க வேகமா வந்தாங்க. ஒருத்தர் கைல துணில சுத்தின கொழந்தை. பஸ் ஸ்டாண்டுல யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஜன்னல்லயும் நிக்கலை, சீட்டும் கேக்கலை, நேரா உள்ள கதவத் திறந்து விட்டாங்க. டாக்டருங்க ஓடி வந்தாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு நர்சு வெளிய வந்து சொல்லிச்சு, நெஞ்சு, கண்ணு, காது எல்லாம் பாத்தாச்சு, சளிதான், வேற ஒண்ணுமில்லன்னு. யாருகிட்டச் சொல்லிச்சு தெரியுமா? அந்தப் போலீஸ்காரருகிட்ட. அவரு, அப்பாடான்னு நெத்தியத் தொடச்சுக்கிட்டாரு.

அம்மா இருக்குற புள்ளைக்குத் தேதி குடுக்குறாங்கய்யா. அம்மா இல்லாத புள்ளைய அன்னைக்கே பாக்குறாங்க.

தப்பா நெனைக்காதீங்க, அந்தப் புள்ளைய ஏன் பாத்தாங்கன்னு நான் கேக்கலை. பாக்கணும்தான். நான் அப்படியே மாரோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இவளுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவுல நிக்கிற ஒரே ஆளு நான்தான்னு தோணுச்சு.

அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ணலைய்யா. ரொட்டி சுட்டேன். ஒன்றரை மாசமாச் சுட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

இன்னைக்கு அந்த பஸ் வந்து நின்னப்போ பக்கவாட்டுல துணி கட்டியிருந்துச்சு. நான் எங்க கிராமத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் போனவ. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனா படிச்சிருவேன். செவிலியர் பள்ளி, மூணாம் வருஷம், அப்படின்னு போட்டிருந்துச்சு. சந்தைல இன்னும் ரெண்டு சுற்றுலா பஸ் நின்னுச்சுங்கய்யா. ஒண்ணுல ஃபுட்பால் ஆடுற பையனுங்க. அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கலை.

மூட்டைன்னு ஒண்ணும் இல்ல.

கிஸ்லான் கைல குடுத்துட்டு, கடைக்குப் பின்னால மாவு மூட்டைங்களுக்கு நடுவுல போய்க் குந்திக்கிட்டேன். காதப் பொத்திக்கிட்டேன். இருந்தாலும் பஸ் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டுச்சு, புஷைப் வாத்தியார் எண்ணுறது கேட்டுச்சு. ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருக்கும். போடலை. மேட்டு வளைவு திரும்புற வரைக்கும் போடலை.

நான் கூட ஏறியிருந்தா என்ன நடந்திருக்கும், சொல்லுங்க. பாவம்க்கா, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கன்னு எனக்கு ஆறுதல் சொல்லியிருப்பாங்க. ஒரு டப்பா பிஸ்கட் குடுத்திருப்பாங்க. நான் இருந்தா எனக்குத்தான் பதில் சொல்வாங்கய்யா. நான் இல்லன்னாத்தான் அவளைப் பாப்பாங்க. அந்தப் பொண்ணு மறுபடி நகத்தப் பாப்பா, சட்டைய விலக்கிக் காதை வெப்பா, வாத்தியாரக் கூப்பிடுவா. வண்டி எப்படியும் ஃபெஸ்ஸுக்குத்தான் போகுது. அந்தக் கதவு வரைக்கும் கொண்டு போயிருவாங்கன்னு...

அப்புறம் எதுக்கு இங்க வந்தேன்னு கேக்குறீங்க.

பால் குடுக்குற விதம் சொல்ல மறந்துட்டேன்யா. அதான். மத்தப் புள்ளைங்க மாதிரி மடில படுக்க வெச்சுக் குடுத்தா இவளுக்கு மூச்சு முட்டும். தோள்ல சாச்சு, நிமித்திப் பிடிச்சு, கொஞ்சம் குடுத்து, நிறுத்தி, மறுபடி குடுக்கணும். பன்னெண்டு மணி இவ குடிக்கிற நேரம். பாங்கு சொன்னாங்க பாருங்க, அப்போ எனக்கு மாரு கட்டிச்சு. எந்திரிச்சு ஓடி வந்துட்டேன். ரோட்டுல போற பஸ்ஸுக்கு எப்படியாவது இந்த ஒரு சேதியச் சொல்லிருங்கன்னு கேக்கத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க, என் பொண்ணு பஸ்ஸுலன்னு சொன்னதுமே, வண்டிய நிறுத்து, திருப்புன்னு போன எடுத்துட்டீங்க. நல்ல மனுஷன் நீங்க. உங்கமேல ஒரு குத்தமும் இல்ல.

போன் அடிக்குது. இருங்க, எடுக்காதீங்க, ஒரு நிமிஷம். இமூஸர்க்காரங்கதானே?

நீங்க முன்னால பேசினப்போ நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். பஸ்ஸுல ஒரு கொழந்தை இருக்கு, நிறுத்தித் திருப்புங்கன்னு மட்டும்தான் சொன்னீங்க. அம்மா இங்க உக்காந்திருக்கான்னு இன்னும் சொல்லலை. கிஸ்லானுக்கு என் பேரு தெரியாது, ரொட்டிக்கார அக்கான்னுதான் கூப்பிட்டா. திலிலாவ டாக்டரு பாத்து முடிச்சதும் நானே வந்து நிக்கிறேன். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க, உள்ள போடுங்க, பத்திரிகைல போடுங்க, மோஹாகிட்டச் சொல்லுங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவளுக்கு நான் வேணாம் அண்ணே.

எடுங்க, அடிச்சு நின்னுறப் போகுது. பால நிமித்திப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. வண்டி திரும்ப வேணாம், அப்படியே ஃபெஸ்ஸுக்குப் போகட்டும்னு சொல்லுங்க. அம்மாவச் சந்தை முழுக்கத் தேடிட்டோம், ஆளக் காணோம்னு சொல்லிருங்க அண்ணே.