மூலையில்லாத பெஞ்சு

— அளந்தாச்சு அண்ணி. பந்தலோட பின்பக்கத் தூண் ரெண்டுக்கும் நடுவுல ஒரே நீளப் பெஞ்சு. அம்மா சொன்ன மாதிரியே. உக்காந்தா மொத்தத் தோட்டமும் கண்ணுக்குள்ள.

— நல்லாருக்கு தம்பி. பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம்.

— ஐயோ, கிண்டல் பண்ணாதீங்க. இருங்க, அண்ணன் பின்னாடி பலகை இழைக்கறார், மெஷின் சத்தம் காதைக் கிழிக்குது. நிறுத்தச் சொல்லிட்டு வரேன், நிதானமாப் பேசலாம்.

— யாரு காதை? பிறந்ததுலேர்ந்து கேக்காத என் காதுக்காக மெஷினை நிறுத்தறாராம்! நீயும் கையால பேசற, நானும் கையால பேசறேன். அது பாட்டுக்கு ஓடட்டும்.

— அட, ஆமா! அண்ணன்கிட்ட போய் நின்னு கத்தினாலும் அவருக்குக் கேக்காது. நாம என்னடான்னா ஊர்க்கதை பேசிட்டிருக்கோம். மந்திரம் மாதிரி இருக்கு அண்ணி.

— கையை இவ்ளோ பெருசா வீசாத, நீ கத்தற மாதிரி இருக்கு. இதைச் சொல்லு. உன் பெஞ்சுல எல்லாரும் வரிசையா உக்காந்தா எனக்கு என்ன தெரியும்?

— தோட்டம்.

— காது தெரியும். வரிசையா வெறும் காது. ஓரத்துல இருக்கறவங்க மூஞ்சி தெரியாது, பக்கத்துல இருக்கறவங்க கை தெரியாது. எல்லாரும் சிரிப்பீங்க. நானும் கொஞ்சம் பிந்திச் சிரிப்பேன், எதுக்குன்னே தெரியாம. கல்யாணமானதுலேர்ந்து உள்ள கூடத்துல அதான் நடக்குது. எனக்குன்னே ஒரு மூலை. சோஃபாவையாவது நகத்திக்கலாம். இதை நீ தூணோட சேத்து முடுக்கிடுவியே தம்பி.

— பலகையெல்லாம் நீளத்துக்கு வெட்டியாச்சே அண்ணி...

— நீளமா வெட்டினதைக் குட்டையா வெட்ட முடியாதா? இந்தா சாக்பீஸ். தரையில ஒரு வட்டம் போடு.

— பலகை வளையாது. துண்டு போட்டு, முனையைச் சாய்ச்சு அறுத்து, உள்ள வர ஒரு வழி விட்டு... ம்ம். வரும். முதுகு சாய?

— சாய்வு தாழ்வா. கை வைக்கற கட்டை வேண்டவே வேண்டாம், முழங்கை இடிச்சா பேச்சு பாதியில நின்னுடும். நடுவுல பூந்தொட்டி கீந்தொட்டி வெச்சே, அவ்ளோதான்.

— மேல சட்டத்தை இடைவெளி விட்டு அடிக்கறேன். வெயில் கோடு கோடா விழும், அழகா இருக்கும்.

— கோடு விழுந்த கையை நீ படிச்சுப் பாரு, தலை சுத்தும். நெருக்கமா அடி.

— சரி, அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. நான் எதிர்ல. மத்த இடத்துல பெயின்ட் டப்பா. இது அண்ணன், இது அக்கா, இது மாமா.

— உங்க மாமா இவ்ளோ ஒல்லியா என்ன?

— அண்ணி...

— என்ன, அப்படியே உறைஞ்சு போயிட்ட?

— எல்லாம் தெரியுது அண்ணி. தலையைத் திருப்பவே வேண்டாம். எங்க உக்காந்தாலும் நடுவுல உக்காந்த மாதிரி இருக்கு. எத்தனையோ பெஞ்சு அடிச்சிருக்கேன், இப்படி மேலெல்லாம் சிலிர்த்ததே இல்ல. பாருங்க, கை நடுங்குது.

— பாத்தேன். வார்த்தை குழறுது உனக்கு.

— ஆனா அம்மா? பெஞ்சு தோட்டத்தைப் பாக்கவா, மூஞ்சியைப் பாக்கவான்னு கேப்பாங்க. அவங்க வேண்டாம்னா நேராத்தான் அடிச்சாகணும்.

— தெரியும். அத்தை எங்கிட்ட சொல்றதே ரெண்டுதான். கதவைப் பூட்டு, அடுப்பை அணை. அதுவும் விரலை நீட்டி.

— அண்ணி, மெதுவாத் திரும்புங்க. அம்மா உங்க பின்னாடியே நிக்கறாங்க.

— கோவமா?

— தெரியல. வாய் அசையல. ஆனா கை... அண்ணி, அம்மாவோட கையைப் பாருங்க!

— இரு, திக்கித் திக்கி வருது. 'உன் பக்கத்துல'... 'எனக்கு'... 'வீடு உண்டா?'

— வீடா? இடம்னு கேக்க வந்து தப்பாக் காட்டிட்டாங்க. நம்மளப் பாத்துப் பாத்தே கத்துக்கிட்டாங்க போல. நான் திருத்தட்டுமா?

— நீ கையை மடக்கிட்டுச் சும்மா உக்காரு.