பரிசு இல்லாத கடிதம்

பன்வில பஸ் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்றது. எனக்கு முன் சீற்றில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வசிக்கும் பெண்கள் இருவர்.

"ஒரு குக்கருக்காகவா ஜீப்புல தபால் ஆபீசருங்க மலையேறி வந்தாங்க? அந்த டீசலுக்கே பத்துக் குக்கர் வாங்கலாமே, செல்வி!"

"நம்ம லயத்துக்குக் காயிதமே ஒழுங்கா வராது அக்கா. பரிசு குக்கர்னு என் பேரை அச்சடிச்சு வந்ததும் மயங்கி அவங்க கேட்ட காசை அனுப்பிட்டேன். இப்படி ஏமாத்தித் தபால் போடச் சட்டத்துல தடையாம்."

"குக்கர் வரல."

"வரல. நான் புகார் குடுத்ததாலதான் ஆபீசருங்க வந்தாங்க. அதே காயிதம் லயத்துல பல பேருக்கு வந்திருந்துச்சு. ஜீப்பைப் பாத்ததும் ஒருத்தரும் காசு அனுப்பல."

"அப்ப டீசல் வீண் போகல."

செல்வி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"இப்ப மறுபடி என் பேருக்கு வந்திருக்கு. கோர்ட்டுல சாட்சி சொல்லணுமாம்."

"இதையாவது நம்பலாமா?"

"நம்பலாம். இதுல பரிசு ஒண்ணும் இல்லையே."