இடம் வலமாகத் திருப்பிய வரி

என் பெயரும் வீட்டு விலாசமும் மேலே எழுதியுள்ளபடி. வயது முப்பத்து நான்கு. மின்சாமான் கிடங்கு அலுவலகத்தில் ஆறு வருடமாகக் கணினி வேலை பார்க்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகவே காவல் நிலையம் வந்து சொல்கிறேன்.

இம்மாதம் எட்டாம் தேதி மதிய இடைவேளையில், முகத்தில் துணி கட்டிய ஒருவன் கிடங்கின் பூட்டைத் திறந்து செம்புக்கம்பிச் சுருள்களைத் தூக்கிச் சென்றது கேமராவில் மங்கலாகப் பதிவாகியிருந்தது. மறுநாள் காலை மேலாளர் அதைத் தெளிவாக்கித் தரச் சொன்னார். அதற்காக, ஸ்கிரிப்ட்டில் வரி வரியாகக் கட்டளை எழுதினால் வீடியோ எப்படி மாறும் என்று முன்னோட்டம் காட்டும் மென்பொருளை நிறுவினேன். இரண்டு முறை நிறுவியும் திறக்கவில்லை. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இன்னைக்குள்ள முடியுமாப்பா, இல்ல பாய் கொண்டாந்து விரிச்சுப் படுத்துக்கவா?" என்றார். அதன்பின் மூன்றாம் முறை திறந்தது. நான் எழுதுவது முன்னோட்டத்தில் வருகிறதா என்று சோதிக்க, படத்தை இடம் வலமாகத் திருப்பும் ஒரு வரி எழுதினேன். திரும்பியது. அதன்பின் அவசரத்தில் அந்த வரியை எடுக்காமலே, கீழே தெளிவாக்கும் வரிகளை எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். நடைவழியின் இருபுறமும் ஒரே மாதிரி அலமாரிகள், படத்தில் தேதி நேர எழுத்தும் கிடையாது என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

பிரதியில் திருடன் இடது கையால் பூட்டைத் திறந்தான். "இடக்கையா! நம்மகிட்ட வேற யாரு இருக்கா?" என்றார் மேலாளர். நானும் தலையாட்டினேன். ஸ்டோர்கீப்பரை நாங்கள் இடக்கை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அன்று மாலையே அவரைக் கைது செய்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி என் மகளின் பள்ளி வீடியோவை அதே ஸ்கிரிப்ட்டில் போட்டுப் பார்த்தேன். கரும்பலகை எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல் இருந்தது. ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தேன், திருப்பும் வரி அப்படியே இருந்தது. ஆனாலும் வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. அதன்பின் பதினாறாம் தேதி இடக்கை அண்ணனின் மனைவி அலுவலக வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமாம். இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன்" என்றார். "பாக்குறேன்க்கா" என்றேன். ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

இன்று, இருபத்தொன்றாம் தேதி, நீதிமன்றத்துக்கு இன்னொரு பிரதி கேட்டார்கள். எடுக்கக் கை கூசியது. மூலப் பதிவையும் ஸ்கிரிப்ட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். மூலப் பதிவில் திருடன் வலது கையால்தான் திறக்கிறான். அந்த வரியை நான் அழிக்கவில்லை.

அண்ணன் உள்ளே இருந்த பன்னிரண்டு நாளில் முதல் மூன்று நாள் என் கவனக்குறைவு. மீதி ஒன்பது நாளும் தெரிந்தே செய்தது.

வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். சொன்னதுதான் எழுதப்பட்டுள்ளது, சொன்னது அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)